புள்ளி நாற்பத்தொன்று

பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
லீமாவின் வடகிழக்கில், மழை என்று சொல்லிக்கொள்ள
வெட்கப்படும் ஒரு தூறலில்
மூன்று கால் விரித்து நிற்கும் கருவியின் பின்னே
ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால்
சாக்கடை வரப்போகும் தெருவை அளக்கிறேன்.

மறுகோடியில் வில்மர்
கண்ணாடிக் கம்பைப் பிடித்து நிற்கிறான்.
அவனை ஒருவரும் பார்ப்பதில்லை.

நான் போட்டிருப்பது இரண்டு அளவு பெரிய
ஆரஞ்சு மேலங்கி, மஞ்சள் தலைக்கவசம்,
சேறு அப்பிய பூட்ஸ்.
சாலையில் வைக்கும் கூம்புக்கும் எனக்கும்
அதிக வித்தியாசம் கிடையாது.
கூம்பைப் பார்த்து யாரும் முத்தச் சத்தம் எழுப்புவதில்லை.

குனிந்தால்தான் கருவிக்குள் தெரியும்.
குனிவது என்றால் என்னவென்று
பத்தொன்பது வயதில், முதல் களப்பயிற்சியில்
முதுகால் கற்றுக்கொண்டேன்.
அன்றிலிருந்து சுவர் இருந்தால் சுவருக்கு முதுகு கொடுப்பேன்,
மரம் இருந்தால் மரத்துக்கு.
இந்தக் குன்றில் மரம் இல்லை.

மோட்டார் டாக்சிக்காரன் வேகத்தைக் குறைத்து
ஏதோ சொல்லிவிட்டுப் போனான்.
மூலிகைக் கஷாய வண்டியருகே இரண்டு பேர்
சூடான கோப்பைக்கு மேலாக
அவசரமே இல்லாமல்
என்னைக் குடித்தார்கள்.

டயர்கடைக்காரன் பேசமாட்டான்.
மூன்று நாளாகக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து
பார்ப்பான். நான் திரும்பிப் பார்த்தாலும்
கண்ணை எடுக்கமாட்டான்.
ஏன் எடுக்கவேண்டும்?
அவன் வாளி, அவன் தெரு, அவன் கண்.
புகார் கொடுக்க அதில் ஒன்றுமே இல்லை.
நான்காம் நாள் விடியலில்
பூட்ஸ் நாடாவைக் கட்டும்போதே வாளி நினைவுக்கு வந்தது.
அதுதான் எரிச்சல்.
என் சமையலறைக்குள் அவன் வாளி.

கருவியைத் திருப்பினேன்.
"நில்டா, நான் இந்தப் பக்கம்!" என்று வில்மர் கத்தினான்.
லேசரை யார் கண்ணிலும் பாய்ச்சக்கூடாது, அது விதி.
வாளியில் வைத்தேன்.
இருபத்து மூன்று மீட்டர், பதினெட்டு சென்டிமீட்டர்.
சத்தமாகப் படித்து, களப்புத்தகத்தில் எழுதினேன்:
புள்ளி நாற்பத்தொன்று. ஆண். அசையாதது.

"என்ன எழுதுற?"
குரல் நான் நினைத்ததைவிட மெல்லியது.
"வரைபடத்தில் வந்துவிட்டீர்கள்."
"அழிச்சிடு."
"மையில்தான் எழுதுவோம்."

வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.
நானும் வில்மரும் சிரித்தோம் என்று சொல்ல ஆசை.
வில்மர் சிரித்தான்.
எனக்கு முழங்கால் நடுங்கியது.
மட்டக்குமிழைச் சரிபார்ப்பதுபோல்
குனிந்து மறைத்தேன்.
ஆமாம், குனிந்துதான்.

மாலையில் பெனவிதெஸ் தாளைத் தட்டிக் கேட்டார்:
"நாற்பத்தொன்று என்ன? கம்பமா, மூடியா?"
"இப்போது அங்கே இல்லை, சார்."
"இல்லாததை எதற்குக் குறித்தாய்?"
கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.
முக்காலிக்கு அலமாரியில் இடமில்லை,
வழக்கம்போல் என்னோடு வீட்டுக்கு வரும்.

பஸ்ஸில் தூரம் என்று ஒன்று கிடையாது.
பள்ளிச் சீருடையில் ஒருத்தி
பையை மார்போடு அணைத்துக்கொண்டு
ஜன்னலில் கடல் தெரிவதுபோல் வெளியே பார்த்திருந்தாள்.
கடல் அங்கிருந்து ரொம்பத் தள்ளி.
பின்னால் நின்றவன் ஒவ்வொரு பிரேக்குக்கும்
பிரேக் கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகம் சாய்ந்தான்.
அந்தக் கொஞ்சம் எனக்குத் தெரியும்.
மில்லிமீட்டரில் சொல்வேன்.

முக்காலியின் கட்டை அவிழ்த்து
ஒரு காலை மட்டும் இழுத்து
இருவருக்கும் நடுவே ஊன்றினேன்.
இரும்பு முனை தகரத் தரையில் டங்கென்றது.

"குத்திடப் போகுதும்மா" என்றான்.
"ஆமாம்" என்றேன்.

இரண்டு நிறுத்தம் தாண்டி
அவள் பையைக் கைக்கு இறக்கினாள்.
நன்றி சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.
அன்று முழுவதும் என்னைப் பார்க்காமல் இருந்த
இரண்டாவது ஆள் அவள்.
நன்றாக இருந்தது.